ஆண்டும் கிலோமீட்டரும் சொல்லாதவை: பழைய காரின் துருவும் பழுதுச் செலவும்

பழைய கார் விற்பனை விளம்பரம் எதை எடுத்துப் பார்த்தாலும் மூன்று எண்கள் தவறாமல் இருக்கும்: தயாரிக்கப்பட்ட ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், இதுவரை இருந்த உரிமையாளர்களின் எண்ணிக்கை. பேரமும் பெரும்பாலும் இம்மூன்று எண்களைச் சுற்றியே நடக்கிறது. அந்தக் கார் எந்த ஊரில் நின்றது, எத்தனை மழைக்காலங்களை வெட்டவெளியில் கழித்தது, அதன் அடித்தகடு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பன விளம்பரத்தில் இல்லை, பதிவுச் சான்றில் இல்லை, பேரத்திலும் எழுவதில்லை. ஆயினும் ஒரு காரின் ஆயுளை முடித்துவைப்பது பல நேரங்களில் இந்த விடுபட்ட பகுதிதான்.

இந்தியாவில் ஆண்டுதோறும் புதிய கார்களைவிடப் பழைய கார்களே அதிக எண்ணிக்கையில் கைமாறுகின்றன என்பது வணிகத் துறையின் பொதுவான மதிப்பீடு. இருசக்கர வாகனத்திலிருந்து முதன்முறையாகக் காருக்கு மாறும் குடும்பங்கள் பல இந்தச் சந்தையின் வழியாகவே மாறுகின்றன. சேமிப்பையும் கடனையும் சேர்த்து அவை வாங்கும் பொருளின் உண்மையான விலை, விற்பவர் கேட்கும் தொகை அன்று. அத்தொகையுடன் அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கார் கோரப்போகும் பழுதுச் செலவையும் கூட்டினால் வருவதே உண்மையான விலை. அச்செலவில் கணிக்கக் கடினமானதும் எளிதில் கைமீறிப் போவதும் துரு. ஆகவே பழைய காரை மதிப்பிடும் வேலை துருவிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வாறு தொடங்குவதற்கு இந்நாட்டின் சந்தை வழக்கமும் சட்டமும் இடம் தருவதில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

முதலில் துருவின் இயல்பைப் பார்க்கலாம். எஞ்சினும் கிளட்சும் டயரும் தேய்வது ஓட்டத்தால். துரு அப்படிப்பட்டதன்று. அது இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து நடத்தும் மின்வேதி வினை. கார் நின்றுகொண்டிருந்தாலும் நடக்கும். தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து கரைகின்றன. அருகிலுள்ள மற்றொரு புள்ளியில் ஆக்சிஜன் அவற்றை ஏற்கிறது. இரண்டுக்கும் இடையே ஈரப்படலம் மின்சுற்றை முழுமையாக்குகிறது. அந்த ஈரத்தில் உப்பு கலந்திருந்தால் மின்கடத்துதிறன் கூடுகிறது. குளோரைடு அயனிகள் இரும்பின் பாதுகாப்புப் படலத்தையும் குலைக்கின்றன. சாதாரண உப்பு, ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடற்கரை நகரத்தில் மழை பெய்யாத நாளிலும் கார் நனைந்தே நிற்கிறது என்று சொன்னால் அது மிகையன்று.

இன்னொரு பண்பும் வாங்குபவருக்கு முக்கியமானது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. இதனால்தான் பெயிண்ட் கொப்புளம்போல் மேலெழும்புகிறது. கதவின் அடிவிளிம்பிலோ சக்கர வளைவிலோ ஒரு சிறு கொப்புளம் தென்பட்டால், பெயிண்ட் வெளியிலிருந்து கெட்டதென்று பலர் எண்ணுகின்றனர். அது கல்பட்ட காயமாக இருக்கலாம். ஆனால் இரு தகடுகள் சேரும் மடிப்புகளில் தோன்றும் கொப்புளம் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வந்தது. மடிப்புக்குள் தேங்கிய சேறும் ஈரமும் தகட்டை அரித்து முடித்த பிறகே அது கண்ணுக்குத் தெரிகிறது. விற்பவரின் வாயில் அது 'லேசான பெயிண்ட் வேலை'. தகட்டின் கணக்கிலோ அது ஓட்டை.

துரு காலத்தையும் இடத்தையும் சார்ந்தது என்பதால், ஒரே மாதிரியைச் சேர்ந்த, ஒரே ஆண்டில் தயாரான, ஒரே தூரம் ஓடிய இரு கார்கள் இரு வேறு பொருள்களாக இருக்கக்கூடும். ஒன்று ஜெய்ப்பூரில் கூரைக்கடியில் நின்றிருக்கும். மற்றொன்று மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ பூரியிலோ கடலை நோக்கிய தெருவில் நின்றிருக்கும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தியாவின் அரிமான வரைபடத்தையே உருவாக்கியிருக்கிறது. பாலம் கட்டுவோரும் மின்கோபுரம் நிறுவுவோரும் அத்தகைய தரவுகளின் மதிப்பை அறிவர். பழைய கார் விலைப்பட்டியலுக்கு மட்டும் அந்த வரைபடம் எட்டவே இல்லை.

வெள்ளத்தையும் இங்குச் சேர்த்தே எண்ண வேண்டும். 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. 2015-இல் சென்னை, 2018-இல் கேரளம் என அடுத்தடுத்து வந்த வெள்ளங்களில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. மூழ்கிய கார்களெல்லாம் உடைப்புக்குப் போய்விடுவதில்லை. கழுவி, உலர்த்தி, இருக்கை உறை மாற்றி, வெள்ளத்தைப் பற்றி யாரும் கேட்காத ஊரில் விற்கப்படுபவையும் உண்டு. வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்யப்பட்ட கார் புதிய எண்பலகையைப் பெறுகிறது. பழைய ஊரின் எழுத்துகள் மறைந்ததும், வாங்குபவர் கண்முன் இருந்த ஒரே புவியியல் குறிப்பும் மறைந்துவிடுகிறது.

சட்டம் இந்நிலையில் எதைப் பார்க்கிறது? வயதை. தில்லித் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடக் கூடாது என்னும் ஏற்பாடு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2014, 2015 ஆணைகளில் உருவாகி, 2018-இல் உச்ச நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாக்கி உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இடைக்காலமாகத் தளர்த்தியது. இந்த ஏற்பாட்டின் நோக்கம் புகையைக் குறைப்பது. அடித்தகட்டின் நிலை அதன் அக்கறையன்று. அதை வைத்து இதைக் குறைசொல்வது நியாயமாகாது. ஆனால் சட்டம் ஓர் அளவுகோலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது சந்தையும் அதையே மதிப்பின் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. ஒன்பது ஆண்டு ஓடிய, உறுதியான உடலுடைய தில்லி டீசல் கார் அடிமாட்டு விலைக்குப் போகிறது. ஐந்து ஆண்டே ஆன, அடி அரித்த கடற்கரைக் கார் 'புதுசு போல' என்ற பெயரில் நல்ல விலைக்குப் போகிறது. வயது சொல்லும் கதையை மட்டும் கேட்பவர் இரண்டிலும் தவறுகிறார்.

பழுதுச் செலவைப் பற்றிய பொதுப்புத்தியும் திருத்தப்பட வேண்டியது. காரில் பழுதாகக்கூடியவற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: கழற்றி மாற்றக்கூடியவை, வெட்டி ஒட்ட வேண்டியவை. எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏசி கம்ப்ரஸர், ஏன், முன் மட்கார்டும் பொனெட்டும் கதவும்கூட முதல் வகை. போல்ட்டைக் கழற்றினால் வெளியே வரும். புதிதாகவோ பழைய உதிரியாகவோ வாங்கி மாட்டலாம். விலையை முன்கூட்டியே கேட்டறியலாம். தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, பில்லர்களின் அடிப்பகுதி, முன் சஸ்பென்ஷன் மேற்புறம் பொருந்தும் ஏப்ரான், சக்கர வளைவின் உட்தகடு ஆகியன இரண்டாம் வகை. இன்றைய பெரும்பாலான கார்களில் தனிச் சேசிஸ் கிடையாது. தகடுகளை வெல்டிங் செய்து ஆக்கிய உடலே சேசிஸ். காரின் எடையைத் தாங்குவதும் மோதலின் விசையை ஏற்பதும் அதுதான். எஞ்சின் போனால் காருக்கு வேறு எஞ்சின் கிடைக்கும். உடல் போனால் கார் போயிற்று.

இருந்தும் பழைய கார் வாங்கப் போகிறவர் வழக்கமாகத் துணைக்கு அழைத்துச் செல்வது மெக்கானிக்கை. அவர் பொனெட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார், ஆயில் மூடியைக் கழற்றிப் பார்க்கிறார், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்கிறார். இவையெல்லாம் தேவையான சோதனைகள். ஆனால் இவை கண்டுபிடிப்பவை பெரும்பாலும் மாற்றக்கூடிய பழுதுகள். தகட்டைப் படிக்கத் தெரிந்தவர் டிங்கரிங் பட்டறைக்காரர். அவரை யாரும் அழைத்துச் செல்வதில்லை. மலிவான தவற்றைத் தவிர்க்க வல்லுநரும், விலையுயர்ந்த தவற்றைத் தவிர்க்க வெறும் நம்பிக்கையும் என்பதே நடைமுறையாக இருக்கிறது.

துருவைத் தேடுவது அரிய வித்தையன்று. கதவின் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். முன் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் ஈரமும் பழுப்புக் கறையும் உள்ளனவா என்று காணலாம். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியின் அடியைப் பார்க்கலாம். நீர் தேங்கும் முதல் இடங்களில் அதுவும் ஒன்று. இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்தால் அதன் கடைசி முழத்தில் வெள்ளத்தின் சேற்றுக்கோடு தெரியலாம். பட்டை தகட்டில் பொருத்தப்பட்ட இடத்தையும் அப்போதே சோதிக்கலாம். ரன்னிங் போர்டின் அடியைக் கையால் தட்டினால் நல்ல தகடு ஒலிக்கும். பட்டி பூசிய தகடு மந்தமாகப் பதில் சொல்லும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்தினால், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் அதன் பிடி தளரும். பின்பு காரை ராம்ப்பில் ஏற்றி, டார்ச் விளக்குடன் பிரேக் குழாய்களையும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களையும் ரேடியேட்டருக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலை.

எல்லாத் துருவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மழைக்குப் பின் பிரேக் டிஸ்க்கின்மேல் படரும் செம்பழுப்பு ஓரிரு பிரேக்கில் போய்விடும். சைலன்சர் பழுப்பாவது இயல்பு. அது மாற்றக்கூடிய பொருள். தடித்த சஸ்பென்ஷன் கைகளின் மேற்பரப்புத் துரு பல ஆண்டுகள் தாங்கும். அஞ்ச வேண்டியது செதில்செதிலாக உரியும் துருவுக்கு. மடிப்புகளில் ஊதிய தகட்டுக்கு. திருப்புளியால் அழுத்தினால் உள்வாங்கும் இடத்துக்கு. இவற்றைவிட ஐயத்துக்குரியது ஒன்று உண்டு: விற்பனைக்குச் சற்று முன்பு அடிப்பகுதி முழுவதும் புதிதாகப் பூசப்பட்ட கறுப்புப் பூச்சு. நல்ல தகட்டின்மேல் பூசினால் அது பாதுகாப்பு. துருவின்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும் மூடி. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றே.

இனிக் கணக்கு. துருவின் பழுதுச் செலவைப் பற்றிச் சொல்லப்படும் எந்தத் தொகையும் குறைந்தபட்ச மதிப்பீடு மட்டுமே. டிங்கரிங் பட்டறையில் அரித்த பகுதியை வெட்டி எடுப்பவர் நல்ல தகடு கிடைக்கும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். எங்கே கிடைக்கும் என்பது வெட்டிய பிறகே தெரியும். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையான எண்களுடன் பார்க்கலாம். முதல் கார் ஆறு ஆண்டு பழையது, கடற்கரை நகரத்தது, பளபளப்பானது. விலை 4,00,000 ரூபாய். ரன்னிங் போர்டில் இரு கொப்புளங்கள், '25,000 ரூபாய் வேலை' என்கிறார் விற்பவர். இரண்டாவது கார் எட்டு ஆண்டு பழையது, வறண்ட ஊரைச் சேர்ந்தது. விலை 3,70,000 ரூபாய். கிளட்ச், நான்கு டயர்கள், முன் ஷாக் அப்சார்பர்கள், ஏசி கம்ப்ரஸர் என 80,000 ரூபாய்க்கு வேலை இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் முதலாவது 4,25,000, இரண்டாவது 4,50,000. இளமையும் பளபளப்பும் உடைய முதல் காரை வாங்குவதே அறிவுடைமை என்று தோன்றும்.

ஆனால் முதல் காரின் 25,000 என்பது உறுதியான எண் அன்று. அது அந்த அளவில் நிற்பதற்கு ஐம்பது விழுக்காடு வாய்ப்பு, உட்தகடும் அரித்திருந்து 70,000 ஆவதற்கு முப்பது விழுக்காடு வாய்ப்பு, தரைத்தகடுவரை பரவியிருந்து 1,50,000 ஆவதற்கு இருபது விழுக்காடு வாய்ப்பு என்று கொண்டால், எதிர்பார்ப்புச் செலவு 63,500 ரூபாய். காரின் விலை இப்போது 4,63,500. இரண்டாவது காரின் மதிப்பீடு தவறினாலும் சில ஆயிரங்களில் தவறும். முதலாவதன் மதிப்பீடு தவறினால் லட்சத்தைத் தாண்டித் தவறும். மேலும் இரண்டாவது காரில் செலவிட்ட பணம் புதிய கிளட்சாகவும் டயராகவும் காரிலேயே தங்குகிறது. முதல் காரில் வெல்டிங் செய்த இடத்தின் சுற்றுப்புறத்தில் வெப்பத்தால் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும்; உட்புறத்தை முறையாகக் காக்காவிட்டால் ஓரிரு மழைக்காலங்களில் அதே இடத்துக்கு அருகிலேயே துரு திரும்பும். மாத வருவாயில் வாழும் குடும்பத்துக்குச் சராசரியைவிட அந்தக் கடைசி இருபது விழுக்காடே முக்கியம். அந்தச் செலவைத் தாங்கும் சேமிப்பு அதனிடம் இருப்பதில்லை.

பொருளியல் மாணவர்களுக்கு இவ்விடத்தில் ஜார்ஜ் அக்கர்லாஃப் நினைவுக்கு வருவார். பழைய கார்ச் சந்தையை உதாரணமாக்கி 1970-இல் வெளியான அவரது கட்டுரை, மூன்று ஆய்விதழ்களால் மறுக்கப்பட்ட பிறகே அச்சேறியது. 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லாக் காருக்கும் சராசரி விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் மோசமானவையே மிஞ்சும் என்பது அதன் சாரம். அதே கட்டுரை இந்தியாவின் கடன் சந்தையையும் வட்டிக்கடைக்காரரையும் எடுத்துப் பேசுகிறது என்பது வகுப்பறைகளில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி.

துருவின் செய்தி அந்த மாதிரியிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் விலகுகிறது. அக்கர்லாஃபின் மாதிரியில் குறை என்பது வாங்குவதற்கு முன் அறிய இயலாதது. துருவோ ராம்ப்பும் டார்ச்சும் அரை மணி நேரமும் இருந்தால் பெருமளவு அறியக்கூடியது. அதை அறிய இயலாததாக வைத்திருப்பது வழக்கம். ஓட்டிப் பார்க்கலாம் என்று தாராளமாகச் சாவியை நீட்டும் விற்பனையகம், ராம்ப்பில் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டால் முகம் சுளிக்கிறது. அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார், இன்று முன்பணம் தராவிட்டால் கார் இருக்காது என்று அவசரப்படுத்துகிறது. தரைவிரிப்பைத் தூக்குபவர் மரியாதை தெரியாதவராகக் கருதப்படுகிறார். இந்தத் தகவல் இடைவெளியை இயற்கை தந்த ஒன்றாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அது அன்றாடம் உற்பத்தி செய்யப்படுகிறது.

சட்டம் இவ்விடைவெளியை எப்படி நடத்துகிறது என்பதும் கவனத்துக்குரியது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில், ஓர் உண்மையை அறிந்தே முனைந்து மறைப்பதை மோசடியாகக் கொள்கிறது. பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனத்தை அப்படிக் கொள்வதில்லை. மௌனமே மோசடியாகும் இடத்திலும், சாதாரண விழிப்புடன் உண்மையைக் கண்டறியும் வழி மறுதரப்புக்கு இருந்தால் ஒப்பந்தத்தை விலக்க முடியாது என்று 19-ஆம் பிரிவின் விதிவிலக்கு கூறுகிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால் அப்பரிசோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு வணிகரைப் பொறுப்பாக்குவதில்லை. 'சாதாரண விழிப்பு' என்ற சொல்லுக்குள் ராம்ப் அடங்குமா? கறுப்புப் பூச்சு முனைந்து மறைத்தலா, பராமரிப்பா? நான்கு லட்ச ரூபாய் காருக்காக இக்கேள்விகளை நீதிமன்றம்வரை கொண்டுசெல்ல எத்தனை பேரால் முடியும்? வழக்காடும் செலவு பழுதுச் செலவை விஞ்சும் இடத்தில் உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

ஒழுங்குமுறையின் நிலையும் அதுவே. பழைய வாகன வணிகர்களுக்கான விதிகள் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. வணிகரிடம் ஒப்படைக்கப்பட்ட வாகனத்துக்கு யார் பொறுப்பு, அது எங்கெல்லாம் ஓட்டிச் செல்லப்பட்டது என்பவற்றை அவை பதிவுக்குக் கொண்டுவருகின்றன. வரவேற்க வேண்டிய மாற்றம்தான்; ஆனால் அதன் கண் உரிமையின்மேல் இருக்கிறது, தகட்டின்மேல் இல்லை. வாடகைக் கார் எட்டு ஆண்டுகள்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன் பின் ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்கு வர வேண்டும். சொந்தக் காரோ பதிவு புதுப்பிக்கப்படும் 15-ஆம் ஆண்டுவரை எந்தத் தகுதிச் சோதனைக்கும் வருவதில்லை. அதற்குள் அது மூன்று குடும்பங்களைக் கடந்திருக்கக்கூடும்.

பிரிட்டனில் மூன்று ஆண்டு கடந்த கார் ஆண்டுதோறும் சோதனைக்கு உட்படுகிறது. இருக்கைப் பட்டையோ சஸ்பென்ஷனோ பொருந்தும் இடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் உடலின் வலிமையைக் குலைக்கும் அளவு அரிமானம் இருந்தால் கார் தேறாது. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு சோதனையின் முடிவையும் பதிவெண்ணை இட்டு யாரும் இணையத்தில் கட்டணமின்றிக் காணலாம் என்பது. எந்த ஆண்டில் அரிமானம் முதலில் குறிக்கப்பட்டது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். விற்பவரின் நேர்மையை நம்பாமலே விலை பேச முடிகிற ஏற்பாடு அது.

இங்கே அந்த இடத்தை நிரப்ப வந்திருப்பவை தனியார் சான்றிதழ்கள். நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதித்ததாகச் சொல்லும் பட்டியல்கள் முற்றிலும் பயனற்றவை அல்ல; ஒன்றுமில்லாததற்கு அவை மேல். இருப்பினும் இரு குறைகள் உண்டு. சோதிப்பவருக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் விற்கும் தரப்பே. அடுத்து, கண்ணாடி ஏற்றும் பொத்தானும் ரன்னிங் போர்டின் உட்தகடும் அப்பட்டியலில் ஆளுக்கொரு வரி பெறுகின்றன. எண்ணிக்கையால் நம்பிக்கை ஊட்டும் பட்டியலில் எடை காணாமல் போகிறது.

பணத்தைத் தாண்டிய ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீடு, புதிய கார்களை மோதவிட்டு நட்சத்திரம் தருகிறது. அந்த நட்சத்திரங்களைப் பெற்றது அன்றைய முழுத் தகடு. பக்கவாட்டில் மோதும்போது விசையை ஏற்க வேண்டிய ரன்னிங் போர்டும் பில்லர் அடியும் அரித்து, பட்டியால் நிரப்பப்பட்டிருந்தால், விளம்பரத்தில் அச்சிட்ட நட்சத்திரம் அந்தக் காருக்கு உரியதன்று. பின்னிருக்கையில் அமரும் குழந்தையின் பட்டை தளர்ந்த தகட்டில் பொருத்தப்பட்டிருப்பதை எந்த நட்சத்திரமும் ஈடுசெய்யாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஆண்டுதோறும் சோதனை என்றால் இன்னொரு கட்டணம், இன்னொரு வரிசை, இன்னொரு இடைத்தரகர் என்பது முதலாவது. அனுபவத்திலிருந்து எழும் அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. எனவே எல்லாக் கார்களுக்கும் எல்லா ஆண்டும் என்று தொடங்காமல், உரிமை மாறும் தருணத்தில் மட்டும் என்று தொடங்கலாம். கடற்கரை ஊர்களின் எளிய உரிமையாளர்கள் தங்கள் கார்களுக்கு உரிய விலையை இழப்பர் என்பது இரண்டாவது. இழப்பவர்கள் இருப்பர். ஆனால் இன்று கடற்கரை ஊரில் காரை ஆண்டுதோறும் கழுவி, வடிகால் துளைகளைத் திறந்து, முறையாகப் பூச்சிட்டுக் காப்பவருக்கும், எதுவும் செய்யாதவருக்கும் ஒரே விலைதான் கிடைக்கிறது. நிலை வெளிப்பட்டால் பராமரிப்புக்கு முதன்முறையாகக் கூலி கிடைக்கும்.

செய்யக்கூடியவை பெரிய சட்டங்களைக் கோருபவை அல்ல. உரிமை மாற்ற விண்ணப்பத்துடன் காரின் அடிப்பகுதியை நான்கு மூலைகளிலிருந்து எடுத்த, தேதியிட்ட ஒளிப்படங்களைச் சேர்க்கச் சொல்லலாம். வெள்ளத்தில் மூழ்கியதா, தகடு வெட்டி ஒட்டப்பட்டதா என்ற இரு கேள்விகளுக்கு விற்பவர் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று ஆக்கலாம். அப்போது மௌனத்துக்கும் பொய்க்கும் இடையே சட்டம் தேடும் கோடு தெளிவாகிவிடும். தகுதிச் சோதனை நடந்த வாகனங்களின் முடிவுகளை, உரிமையாளரின் பெயரை மறைத்து, வாகன் தரவுத்தளத்தில் பொதுவில் வைக்கலாம்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆட்டோமொபைல் துறை உள்ள பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ராம்ப் இருக்கிறது. கற்க வேண்டிய மாணவர்களும் இருக்கின்றனர். வாரத்தில் ஒரு நாள், சிறு கட்டணத்துக்கு, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சாராத அடித்தகடு ஆய்வை அவை வழங்க முடியும். அந்த ஆய்வுகளின் தொகுப்பே, எந்த ஊரில் எந்த வயதில் எந்த இடம் முதலில் அரிக்கிறது என்ற தரவாக வளரும். மின்வேதியியலரும் பொருளியலரும் சட்டம் படிப்போரும் ஒரே தரவில் வேலை செய்யக்கூடிய அரிய களம் அது.

அதுவரை, பழைய கார் வாங்கச் செல்பவருக்கு எஞ்சியிருப்பது பேரத்தின் வரிசையை மாற்றும் உரிமை மட்டுமே. முதலில் அடித்தகடு, பிறகு எஞ்சின், அதன் பிறகே ஆண்டும் கிலோமீட்டரும் விலையும். ராம்ப்பில் ஏற்ற விடாத காருக்கு முன்பணம் தருவதில்லை என்று போதிய எண்ணிக்கையில் மக்கள் மறுக்கத் தொடங்கினால், விற்பனையகங்கள் தாமே ராம்ப் வைக்கும்.